இது எத்தனை நாள் துரு? 1/350 எம்டன் மாதிரி: ஒரு நிகழ்வு ஆய்வு

எம்டன் கப்பலின் மாதிரி முடிந்துவிட்டது என்று நினைத்த நாளில் அதைக் காட்ட ஒருவரைக் கூப்பிட்டேன். சரக்குக் கப்பல்களில் சராங்காக, அதாவது தள மாலுமிகளின் தலைவராக, இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலின் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு பல வருடம் துரு சுரண்டியவர், அப்புறம் பல வருடம் மற்றவர்களைச் சுரண்ட வைத்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மாதிரியை அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நிதானமாகப் பார்த்தார். ஒரு பாராட்டு வரும் என்று நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இது எத்தனை நாள் துரு, தம்பி?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவரே தொடர்ந்தார். "நீ போட்டிருக்கிற துரு வருசக்கணக்கா யாரும் தொடாத கப்பலோடது. இது ஓடுற கப்பலா, கெடக்குற கப்பலா?"

ஓடுகிற கப்பல் என்றேன். சொல்லும்போதே உள்ளே எங்கோ இடித்தது. நான் மூன்று மாலை உட்கார்ந்து, மேசையில் பரப்பி வைத்து, பார்த்துப் பார்த்துத் துருப் போட்ட அந்தப் படங்கள் எல்லாமே கிடக்கிற கப்பலின் படங்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய பழுதுபார்ப்பைப் பற்றியது. கட்டியதைவிடக் கட்டியதைத் திருத்தியதில்தான் எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது.

கப்பல்

நம் ஊர் வழக்கில் "ஆள் பெரிய எம்டன்" என்று சொல்வோமே, அந்த எம்டன்தான். ஜெர்மன் பேரரசுக் கடற்படையின் இலகுரக க்ரூசர், அதாவது வேகமான போர்க்கப்பல். டான்சிக் துறைமுகத்தில் கட்டி 1908-ல் நீரில் இறக்கினார்கள், 1909-ல் பணியில் சேர்த்தார்கள். நீளம் 118.3 மீட்டர். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து: அணியத்தில் அக்கம்பக்கமாக இரண்டு, பின்னால் அதேபோல் இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. நிலக்கரிக் கொதிகலன்கள், மூன்று புகைபோக்கிகள். சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த காலத்தில் வெள்ளை உடலும் இளமஞ்சள் புகைபோக்கியுமாக அழகாக இருந்தது. 1914-ல் போர் வந்ததும் முழுவதும் சாம்பல் பூசிக்கொண்டது.

ஆகஸ்டில் தனியாகப் பிரிந்து, கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 10-லிருந்து வங்கக் கடலில் சரக்குக் கப்பல்களை வரிசையாகப் பிடித்தது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. நம் பாட்டன்மார் சொல்லிக்கொண்டிருந்ததும், நம் மொழிக்குள் ஒரு சொல் புகுந்ததும் அந்த இரவால்தான். அக்டோபர் 9-ல் டியாகோ கார்சியாத் தீவு, 28-ல் பினாங்கு, நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியுடன் சண்டை. அன்றே வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தப்பட்டது. அதற்கப்புறம் அது கப்பல் இல்லை, இடிபாடு.

அந்த இடிபாட்டைப் பலர் படம் பிடித்தார்கள். கூர்மையான, கிட்டத்திலிருந்து எடுத்த, விவரம் நிறைந்த படங்கள். எம்டன் என்று தேடினால் அவைதான் முதலில் வந்து விழும். ஓடிக்கொண்டிருந்த எம்டனை அந்த மூன்று மாதத்தில் கிட்ட நின்று படம் எடுக்க யாருக்கும் பெரிதாக வாய்ப்பில்லை. ஒளிந்து திரிந்த கப்பல் அல்லவா. அதனால் நல்ல படம் எங்கே இருக்கிறதோ அங்கே போனேன். தவறு அங்கேதான் பிறந்தது.

கட்டியது

1/350 அளவில் எம்டன் 33.8 சென்டிமீட்டர் வரும். பள்ளிக்கூட அளவுகோலைவிடக் கொஞ்சம் நீளம். கட்டிய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் பெரிய சம்பவம் இல்லை.

கிட்டில், அதாவது ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டியில், உடல் இரண்டு பாதியாக வந்தது. ஒட்டுமுன் வட்டச் சன்னல்கள் எல்லாவற்றையும் 0.8 மி.மீ. துரப்பண ஊசியால் கையில் உருட்டி ஆழப்படுத்தினேன். கிட்டில் அவை வெறும் பள்ளங்கள். நிழல் விழாத சன்னல் சன்னலாகத் தெரியாது. பிளாஸ்டிக் ஒட்டும் மெல்லிய சிமெண்டைப் பொருத்தின் ஓரத்தில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், அதுவே உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்துவிடும். அணியத்தில் மட்டும் கொஞ்சம் புட்டி தேவைப்பட்டது.

பீரங்கிக் குழல்கள், கம்பங்கள் இரண்டையும் பித்தளையில் மாற்றினேன். 10.5 சென்டிமீட்டர் குழாயின் துளை இந்த அளவில் 0.3 மி.மீ. பிளாஸ்டிக்கில் வார்த்த குழலில் அந்தத் துளையைப் போடப் போனால் குழல்தான் பிளக்கும். கடைந்த பித்தளைக் குழலில் துளையும் இருக்கிறது, நேராகவும் இருக்கிறது. கம்பத்துக்குப் பித்தளை வேண்டியதன் காரணம் வேறு: அதில் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் கம்பம் ஒரு மாதத்தில் கயிறு போன பக்கம் சாயும். இதை முந்தைய ஒரு கப்பலில் கற்றுக்கொண்டேன்.

கைப்பிடிக் கம்பிகளுக்கு போட்டோ எட்ச் பித்தளை, அதாவது அமிலத்தில் அரித்து வடிவெடுத்த மெல்லிய தகடு. ஒரு மீட்டர் உயரக் கைப்பிடி இங்கே மூன்று மி.மீ.கூட இல்லை. மடிக்கும்போது ஒரு துண்டு இடுக்கியிலிருந்து தெறித்துப் போனது. தெறிக்கிற துண்டு தரையில் விழுவதில்லை, வேறு ஏதோ உலகத்துக்குப் போய்விடுகிறது என்பது என் நீண்ட நாள் நம்பிக்கை.

பிரைமர், சாம்பல் அக்ரிலிக், தளத்துக்கு லினோலியத்தின் செம்பழுப்பு. எல்லாம் ஏர்பிரஷ்ஷில். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் துரு

அப்புறம் நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்.

மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்துக் காய வைத்தேன். அதன் மேல் கரும்பழுப்பு எனாமல் வாஷை, அதாவது தண்ணியாக நீர்த்த பெயின்டை, உடல் முழுக்கத் தடவினேன். தகடுகளின் இணைப்புக் கோடுகள் கறுப்பாக எழுந்து நின்றன. பார்க்கக் கிளர்ச்சியாக இருந்தது. பிறகு பஞ்சுத் துண்டில் துரு நிறத்தைத் தொட்டு ஓரங்களில் ஒற்றி, பெயின்ட் பெயர்ந்த தழும்புகள். பிறகு ஆயில் பெயின்டில் ஆரஞ்சும் பழுப்புமாகக் கோடுகள்: நங்கூரத் துளையிலிருந்து, ஒவ்வொரு வட்டச் சன்னலுக்குக் கீழிருந்து, தண்ணீர் வடிகிற ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும். நீர்க்கோட்டை ஒட்டி ஒரு விரற்கடை பச்சைப் பாசி. கடைசியில் நான்கு புகைபோக்கிகளின் வாயிலும் கரி.

ஆம், நான்கு. அதற்கு வருகிறேன்.

புகைப்படத்தில் அது பிரமாதமாக விழுந்தது. அதனால்தான் ஏமாந்தேன்.

பழுது எங்கே

சராங்கு போன பிறகு நான் முதலில் எடுத்தது தூரிகை அல்ல, கால்குலேட்டர்.

மாதிரியை நாம் சாதாரணமாக 35 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கிறோம். அதை 350-ஆல் பெருக்கினால் 122 மீட்டர். அதாவது நிஜ எம்டனை 122 மீட்டருக்கு அப்பால் ஒரு படகிலிருந்து பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் எது தெரியும்? கப்பலின் உருவம், நிழல், பெரிய கறைகள். ஆணித்தலைகள் தெரியாது. தகட்டின் இணைப்பு, வெயில் சாய்வாக விழுந்தால் லேசாகத் தெரியலாம்.

என் துருக் கோடுகளை அளந்தேன். சராசரியாக ஒரு மி.மீ. அகலம். கப்பலில் அது 35 சென்டிமீட்டர். ஒவ்வொரு வட்டச் சன்னலுக்குக் கீழும் முக்கால் முழ அகலத்தில் துரு ஒழுகுகிறது என்றால், அந்தச் சன்னலே கழன்று விழும் நிலையில் இருக்க வேண்டும். பஞ்சில் ஒற்றிய தழும்புகள் அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை, நிஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்து இரும்பு பல்லிளிக்கிறது. அப்படிப் பெயர்ந்த இடங்கள் நூற்றுக்கு மேல். கிட்டில் செதுக்கியிருந்த இணைப்புக் கோட்டின் பள்ளம் 0.1 மி.மீ.; அதுவே கப்பலில் மூன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. அதில் கறுப்பை வேறு ஊற்றியிருந்தேன். தகடுகளுக்கு நடுவே விரல் நுழையும் சந்து உள்ள கப்பல் மிதக்குமா?

இது ஒரு பிழை: அளவுப் பிழை. இது எல்லோரும் செய்வது, எளிதில் திருந்தக்கூடியது.

இரண்டாவது, பொருள் சார்ந்த பிழை. வாஷை மேட் பரப்பில் தடவியது. மேட் வார்னிஷ் நுண்ணளவில் சொரசொரப்பானது. நீர்த்த எனாமலை அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கிளாஸ், அதாவது பளபளப்பான, பரப்பில் தடவியிருந்தால் வாஷ் வழுக்கி ஓடிப் பள்ளங்களில் மட்டும் நின்றிருக்கும், மிச்சத்தைத் துடைத்திருக்கலாம். நான் கிளாஸ் கோட்டை விட்டது ஓர் இரவு காயக் காத்திருக்கப் பொறுமையில்லாமல். அந்த ஓர் இரவைச் சேமித்ததற்குப் பின்னால் ஒன்பது இரவுகள் கட்டினேன்.

மூன்றாவதுதான் சராங்கு பிடித்தது. நாள் பிழை. இடிபாட்டின் படங்களில் இருப்பது நவம்பர் 9-ல் பீரங்கிக் குண்டுகள் தாக்கி, உள்ளே தீப்பிடித்துப் பெயின்ட் கருகி, அதற்கப்புறம் பவளப்பாறையில் அலை அடித்தடித்து உப்பேறிய இரும்பு. அதைப் பார்த்துப் பார்த்து, அக்டோபரில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த, முந்நூற்றுச் சொச்சம் பேர் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த கப்பலின் மேல் பூசியிருந்தேன். இறந்த பிறகு எடுத்த படத்தைப் பார்த்து உயிரோடு இருந்தவரை வரைந்த மாதிரி.

இன்னொரு சூழ்ச்சியும் அந்தப் படங்களில் உண்டு. அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகள் பெரும்பாலும் ஆர்த்தோகுரோமாட்டிக் வகை, சிவப்பை உணராதவை. சிவப்பும் செம்பழுப்பும் அவற்றில் கறுப்பாக விழும். ஆகவே லேசான துருக்கூடப் படத்தில் தார் வழிந்தது போலத் தெரியும். நான் அந்தக் கறுப்பின் அடர்த்தியை அப்படியே எடுத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் துருவாக மாற்றினேன். ஒரு பங்கு துரு மூன்று பங்காகப் பெருகியது.

உரித்தது

முழுதாகக் கழுவிவிட்டுத் திரும்பப் பூசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் ஏறிவிட்டன. கழுவினால் அவை போகும். எனவே மேலிருந்து ஒவ்வொரு அடுக்காக இறங்க முடிவு செய்தேன்.

அடியில் அக்ரிலிக், மேலே எனாமலும் ஆயிலும் என்பது இங்கே காப்பாற்றியது. ஒயிட் ஸ்பிரிட் (டர்பன்டைன் போன்ற பெயின்ட் கரைப்பான்) மேலே உள்ளதைக் கரைக்கும், நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கைத் தொடாது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, காகிதத்தில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டும். ஈரம் சொட்டினால் கறை பரவும். மேலிருந்து கீழாக மட்டும், ஒரே திசையில். குறுக்கே தேய்த்தால் எப்படிப் பார்த்தாலும் துடைத்த தடமாகத் தெரியும். மேலிருந்து கீழே என்றால் மிச்சம் நிற்கிற மங்கலான கோடுகூட மழை வழிந்த தடம்போல் இருக்கும். ஒரு குச்சி நான்கு இழுப்புக்கு மேல் தாங்காது. உடலின் ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுபது குச்சிகள் போயின.

ஆயில் கோடுகள் போய்விட்டன. வாஷில் பாதிதான் போனது, மேட் பரப்பு மீதியை விடவில்லை. ஆனால் அந்த மீதி ஓர் எதிர்பாராத நன்மை செய்தது. உடலின் சாம்பல் முழுவதும் ஒரே சாம்பலாக இல்லாமல், இடத்துக்கு இடம் அரை மாத்திரை கூடியும் குறைந்தும் நின்றது. நான் திட்டமிட்டுச் செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. பஞ்சில் ஒற்றிய தழும்புகளை மட்டும் மிக நீர்த்த சாம்பலால் ஒவ்வொன்றாக மூடினேன். அந்த வேலையைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

பிறகு கிளாஸ் வார்னிஷ். ஓர் இரவு முழுக்கக் காத்திருந்தேன்.

எந்த நாள்

இந்த முறை பெயின்டைத் திறக்குமுன் ஒரு தாளில் தேதியை எழுதினேன். சென்னையா, பினாங்கா?

மனசு சென்னை என்றது. ஆனால் நான்காவது புகைபோக்கி ஏற்கெனவே என் மேசையில் தயாராக இருந்தது. பிரிட்டிஷ் க்ரூசர் யார்மத் போலத் தெரிவதற்காக, எம்டனின் துணைத் தலைவர் ஹெல்முத் ஃபான் மியூக்கேயின் யோசனைப்படி ஏற்றிய பொய்ப் புகைபோக்கி அது. பினாங்கில் அக்டோபர் 28 விடியலில், அதை ஏற்றிக்கொண்டுதான் துறைமுகத்துக்குள் போய் ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தார்கள். ஆக, பினாங்கு. 1914 அக்டோபர் 28, கிழக்கு வெளுக்கும் நேரம்.

தேதி வந்ததும் கறைகள் தாமாக இடம் தேடிக்கொண்டன. முதலில் பாசி. எம்டன் அக்டோபர் 9-ல் டியாகோ கார்சியாவுக்குப் போனது. போர் மூண்ட செய்தியே அந்தத் தீவில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அங்கே ஒரு பக்கத்து அறைகளில் நீரை நிரப்பிக் கப்பலைச் சாய்த்து, மறுபக்கத்தின் அடிப்பகுதியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினார்கள். அப்புறம் மாற்றிச் சாய்த்து இந்தப் பக்கம். அதாவது பினாங்குக்குப் பதினெட்டு நாள் முன்புதான் நீர்க்கோடு சுத்தமானது. வெப்பக் கடலிலும் பதினெட்டு நாளில் ஒரு வழவழப்புதான் படியும், தாடி முளைக்காது. சென்னை நாள் என்றால் என் பழைய பச்சைப் பட்டைக்குக் கொஞ்சமாவது நியாயம் சொல்லியிருக்கலாம். இப்போது அதை எடுத்துவிட்டு, ஆலிவ் பச்சையை ஒயிட் ஸ்பிரிட்டில் கிட்டத்தட்ட நிறமே இல்லாத அளவுக்கு நீர்த்து, நீர்க்கோட்டில் ஒரே ஓர் இழுப்பு. சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது.

அடுத்தது நிலக்கரி. என் முதல் முயற்சியில் புகைபோக்கி வாயைத் தவிர வேறெங்கும் அது இல்லவே இல்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இந்தக் கப்பலின் அழுக்கில் முக்கால்வாசி துரு இல்லை, கரி. துறைமுகம் எதுவும் இல்லாமல், பிடித்த கப்பல்களிலிருந்தும் கூடவே வந்த கரிக் கப்பல்களிலிருந்தும், அக்கம்பக்கமாக நிறுத்திக் கட்டி நிலக்கரி ஏற்றினார்கள். கிடங்கு நிறைந்த பிறகு தளத்திலேயே குவித்தார்கள். பினாங்குக்குச் சில நாள் முன் நிக்கோபார் தீவுகளில் ஏற்றிவிட்டுத்தான் வந்தார்கள். இரண்டு கப்பல்கள் அலையில் ஒன்றோடொன்று உரசும்போது எங்கே அடிபடும்? நடுப்பகுதியின் புடைத்த பக்கங்களில். ஆகவே பெயின்ட் தேய்ந்தது அங்கே மட்டும்: 0.2 மி.மீ.க்குக் குறைவான, நீளவாக்கில் போகும் கீறல்கள், அதிலும் சாம்பலைவிடச் சற்றே வெளுத்த சாம்பலில். துரு நிறத்தில் இரண்டே இரண்டு.

தளத்தின் நடுவில், பீரங்கிகளுக்கு இடையே, ஓவியக் கரித்துண்டை மணல்தாளில் உரசி எடுத்த தூளை உலர்ந்த தூரிகையால் தட்டினேன். லினோலியத்தின் செம்பழுப்பு நடக்கிற வழியில் கறுத்து, ஓரங்களில் தன் நிறத்தோடு நின்றது. முதல் தட்டலில் அதிகமாகிவிட்டது. சரி, கூட்டிவிட்டேன். அவர்களும் கூட்டித்தானே இருப்பார்கள்? செப்டம்பரில் பிடித்த இண்டஸ் கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாகச் சோப்பு வேறு கிடைத்திருந்தது அவர்களுக்கு. பிடித்த கப்பல்களிலிருந்து ஆடு, பன்றி, கோழியெல்லாம்கூட ஏற்றி வைத்திருந்தார்கள். இந்த அளவில் ஒரு கோழி ஒரு மி.மீ. இரண்டு செய்து பார்த்தேன். எச்சம் விழுந்தது போல இருந்தது. எடுத்துவிட்டேன்.

துருவுக்கு மூன்றே இடம் கொடுத்தேன். நங்கூரத் துளை, ஏனென்றால் சங்கிலி இறங்கும்போதும் ஏறும்போதும் பெயின்டை உரித்துவிடும், எத்தனை முறை பூசினாலும். சங்கிலியே, அது எப்போதும் துருப்பிடித்ததுதான். பிறகு தளத்து நீர் வடியும் வாய்களில் நான்கைந்து, எல்லாம் அல்ல. முறை இதுதான்: ஆயில் பெயின்டை அட்டைத் துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் எண்ணெய் அட்டைக்குள் இறங்கிவிடும், பெயின்ட் மேட்டாகக் காயும். ஊசி முனையால் ஒரு புள்ளி வைத்து, ஒயிட் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி ஒரு முறை. கோடு தெரிந்தால் இன்னொரு முறை. கோடு போய், "அங்கே ஏதோ இருக்கிறது" என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சும்போது நிறுத்த வேண்டும்.

நான்காவது புகைபோக்கி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிட்டில் இல்லாதது, நானே செய்தது, அதனால் எனக்குப் பிரியமானது.

முதலில் அவர்கள் செய்தது தட்டையானது. தளத்து லினோலியத்தைக் காக்க மேலே விரிக்கும் இரண்டு மீட்டர் அகலக் கித்தான் துண்டுகளை முதல் புகைபோக்கிக்கு முன்னால் தூக்கிக் கட்டினார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் சரியாக இருந்தது. நேர் எதிரிலிருந்து பார்த்தால் மெல்லிய கோடாகி, குட்டு வெளிப்பட்டது. பிறகுதான் மரச்சட்டம் வைத்துக் கித்தான் போர்த்தி உருண்டையாகச் செய்தார்கள்.

நானும் முதலில் பிளாஸ்டிக் குழாயை வெட்டி வைத்தேன். மற்ற மூன்றோடு அண்ணன் தம்பி மாதிரி நின்றது. அதுதான் சிக்கல்: அது புகைபோக்கியாக இருந்தது, புகைபோக்கி வேஷம் போட்ட கித்தானாக இல்லை.

0.2 மி.மீ. செம்புக் கம்பியில் நீள்வட்ட வளையங்கள் ஐந்து வளைத்து, நான்கு நெடுங்கம்பிகளில் சூப்பர் க்ளூவால் கோத்தேன். ஒரு கொசுக்கூண்டு. டிஷ்யூ காகிதத்தின் இரண்டு தாள்களைப் பிரித்து ஒற்றைத் தாளாக்கி, அதைக் கூட்டின் மேல் சுற்றி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தூரிகையால் தொட்டேன். முதல் தடவை பசையில் தண்ணீர் அதிகம். காகிதம் கிழிந்து கம்பியில் தொங்கியது. இரண்டாம் தடவை பசை அதிகம். காய்ந்ததும் அட்டை மாதிரி ஆகிப் பழையபடி குழாயானது. மூன்றாவதில்தான் வந்தது. ஈரக் காகிதம் காயும்போது சுருங்கும். அப்படிச் சுருங்கி, வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்ல உள்வாங்கியது. வளையம் இருக்கும் இடம் லேசாகப் புடைத்து, இடையில் குழிந்து, மேல் விளிம்பு ஓரிடத்தில் கொஞ்சம் தொய்ந்து. காற்றில் நனைந்து காய்ந்த கித்தான் அப்படித்தான் இருக்கும். நான் அதைச் செய்யவில்லை, காகிதம் செய்தது.

நிறம் மற்ற மூன்றின் சாம்பல்தான், ஆனால் ஒரு துளி பழுப்பு கலந்து. இரும்பில் பூசிய பெயின்டும் துணியில் பூசிய பெயின்டும் ஒரே டப்பாவிலிருந்து வந்தாலும் ஒன்றாகக் காயாது. நான்கு மூலையிலும் இழுவைக் கயிறு: கிட்டின் ஸ்ப்ரூ (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, நெகிழ்ந்ததும் இரு கையாலும் சட்டென்று இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய நூல் வரும். 0.06 மி.மீ. நூல் இந்த அளவில் இரண்டு சென்டிமீட்டர் கயிறு. கம்பங்களின் ரிக்கிங்கும், அதாவது கயிற்றுக் கட்டும், இதேதான். ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லாக் கயிறும் விறைப்பாக இருக்கக் கூடாது. கொடிக் கயிறுகள் சற்றுத் தொய்யட்டும், கம்பத்தைத் தாங்குகிற கயிறுகள் மட்டும் விறைக்கட்டும்.

கடைசியாக மெல்லிய மேட் வார்னிஷ். ஈரக் காற்றுள்ள நாளில் அடித்தால் வெண்மூட்டம் படியும் என்பதால் வெயில் வந்த ஒரு மத்தியானம் வரை நிறுத்தி வைத்தேன். பொறுமை வந்துவிட்டது பாருங்கள்.

மறுபடி

சராங்கை இன்னொரு முறை கூப்பிட்டேன். இந்தத் தடவை நான் பக்கத்தில் நிற்கவில்லை, தேநீர் போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். திரும்பி வரும்போது உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு அணியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம்," என்றார். "சங்கிலி சரி. இந்த எடம் யாரோ வந்து ஒரசினதா?"

கரிக் கப்பல் என்றேன். தலையை ஆட்டினார். உருப்பெருக்கி மெல்லப் பின்னால் நகர்ந்தது, நான்காவது புகைபோக்கிக்கு வந்ததும் நின்றது. அதன் கதையைச் சொன்னேன். கேப்டன் கெட்டிக்காரன் என்று சிரித்தார். பிறகு அதன் வாயை விரலால் சுட்டினார்.

"இது கித்தான்தானே?"

"ஆமாங்க ஐயா."

"கீழ அடுப்பு கிடையாது?"

"கிடையாது."

"எல்லாத்துக்கும் முன்னால நிக்குது. கப்பல் முன்னால போகும்போது புகை பின்னால போகும். பொய்க் குழாய்க்கு ஏது தம்பி கரி?"

முதல் நாள் பழக்கத்தில் நான்கு வாயிலும் வைத்த கரி. உடலையெல்லாம் உரித்தபோது மற்ற மூன்றில் இருந்தது சரியாகப்பட்டதால் நான்கையும் விட்டுவைத்திருக்கிறேன். காகிதத்தில் ஒயிட் ஸ்பிரிட் தொட்டால் கறை கீழே இறங்கும், தேய்த்தால் கிழியும். அவர் தேநீரை முடிக்குமுன் ஒற்றை மயிர்த் தூரிகையை எடுத்து, சாம்பலில் ஒரு துளி பழுப்பு கலந்து, உள்விளிம்பைச் சுற்றிப் பூசத் தொடங்கினேன். அவர் விளக்கை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.